தட்டாத குழாய்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்மணிகளா. அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் அணைத்துவிட்டு வாருங்கள். குழாயைத் திறந்து போட்டுவிட்டு வந்திருந்தால் அதை முதலில் மூடிவிட்டு வாருங்கள். நான் சொல்லப்போவது ஒரு குழாயின் கதை. தண்ணீர் வீணாகிற வீட்டில் அதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

எல்லோரும் வீட்டுக்குள்ளேயே இருக்க வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவு போட்டதே, அந்தக் காலத்தில் நடந்தது இது. கடை இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, பேருந்து இல்லை. யார் யார் வெளியே போகலாம் என்று ஒரு பட்டியல் போட்டார்கள். மருத்துவர், செவிலியர், காவலர், மின்சாரக்காரர் என்று நீண்டுகொண்டே போன அந்தப் பட்டியலில், இரண்டாம் பக்கத்தின் அடியில், 'குடிநீர் வழங்கல் பணியாளர்' என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்குள்தான் நம்முடைய ஆள் இருந்தார்.

தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிடுவது அவர் வேலை. கையில் நெஞ்சு உயரத்துக்கு ஓர் இரும்புச் சாவி. மேலே குறுக்குக் கைப்பிடி, கீழே சதுர வாய். தெருமுனையில் இருக்கும் இரும்பு மூடியைத் தூக்கினால் ஒரு குழி, குழிக்குள் வால்வு. அதன் தலையில் சாவியை மாட்டிப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றினால் அந்தத் தெருவுக்குத் தண்ணீர். முக்கால் மணி நேரம். பிறகு மூடிவிட்டு அடுத்த தெரு. இருபத்தாறு வருடத்தில் ஒரு நிமிடம் முன்னே பின்னே ஆனதில்லை. அவர் மூடினால் மணி ஆறே முக்கால் என்று அர்த்தம். வீட்டுக் கடிகாரம் வேறு மணி காட்டினால் ஜனங்கள் கடிகாரத்தைத்தான் திருத்தி வைப்பார்கள். அதனால் அவருக்கே 'கடிகாரம்' என்று பெயர் விழுந்துவிட்டது. நாமும் அப்படியே கூப்பிடுவோம்.

பதினான்கு தெருக்களை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு பார்த்தார்கள். உத்தரவு வந்த நாலாம் நாள் இன்னொருவரின் வீட்டில் யாருக்கோ காய்ச்சல் கண்டது. அவரை வீட்டோடு இருக்கச் சொல்லிவிட்டார்கள். பதினான்கும் கடிகாரத்தின் தலையில் விழுந்தது. காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் மாலை நாலரை.

இந்த வேலையில் ஒரு பழக்கம் உண்டு. தண்ணீரைத் திறந்ததும் சாவியின் கைப்பிடியில் காதை வைத்துக் கேட்பார்கள். மருத்துவர் நெஞ்சில் குழல் வைத்துக் கேட்பாரே, அதே மாதிரி. குழாய்க்குள் காற்று இரைகிறதா, எங்காவது ஒழுகுகிறதா, எத்தனை வீட்டில் திறந்திருக்கிறார்கள், எல்லாம் இரும்பு வழியாக ஏறி வரும். ஆனால் சாதாரண நாட்களில் பாதிதான் கேட்கும். மேலே பேருந்து, லாரி, ஹார்ன். ஊர் அடங்கிய இரண்டாம் நாள் காலையில் கடிகாரம் காதை வைத்தார் பாருங்கள், அதுவரைக்கும் கேட்காததெல்லாம் கேட்டது. யாரோ வாளியை இழுத்து வைப்பது. ஒரு குழாயில் நூல் போலத் தண்ணீர் வருவது. அதற்கு நடுவில், தூரத்தில், டக் டக் டக் டக் என்று ஒரு தட்டல்.

கேட்டவுடனே அவருக்குத் தெரிந்துவிட்டது, அது யார் வீட்டுக் குழாய் என்று.

அந்தத் தெரு நேராகப் போய் ஓரிடத்தில் வளையும். வளைவுக்கு அப்பால் ஒன்பதாவது வீடு அவருடைய அக்கா வீடு. குழாய்க்குள் வாஷர் தேய்ந்து ஆடினால், திறக்கும்போது அப்படித்தான் தட்டும். அந்த வாஷரை மாற்றித் தருகிறேன் என்று ஏழு வருடத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை அவர்தான் வாக்குக் கொடுத்திருந்தார். 'ஞாயித்துக்கிழமை வர்றேன்க்கா' என்றார். சனிக்கிழமை அக்காவின் கணவர் இறந்துபோனார்.

ஞாயிறு காலை வீடு முழுக்க ஜனம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கை கழுவத் தண்ணீர் வேண்டும், குடிக்கத் தண்ணீர் வேண்டும். தொட்டியில் பாதிகூட நிரம்பவில்லை. "தம்பிகிட்ட சொல்லுங்க, ஒரு கால் மணி கூட விடச் சொல்லுங்க" என்று அக்கா ஆள் அனுப்பினாள். கோடைக்காலம். கால் மணி கூட விட்டால் அடுத்த தெருவின் கடைசி வீடுகளுக்குத் தண்ணீர் ஏறாது. கடிகாரம் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார், ஆறே முக்காலுக்கு மூடினார், மூடிவிட்டுத் துக்க வீட்டுக்கு வந்தார். அக்கா வாசலிலேயே நின்றாள்.

"என் புருஷன் கிடக்கறப்ப எனக்கு ஒரு குடம் தண்ணி கொடுக்காத தம்பி எனக்கு எதுக்கு? இனிமே இந்த வாசப்படிய மிதிக்காத."

அத்தனை பேர் முன்னால். கடிகாரத்தின் பக்கம் நியாயம் இருந்தது. மனிதர்கள் யாரும் இல்லை. அவரும் ரோஷக்காரர். மிதிக்கவில்லை. ஏழு வருடம் ஓடிவிட்டது. வாஷரும் மாற்றப்படவில்லை, பேச்சும் இல்லை. தினமும் அவள் தெருமுனைக்குப் போவார், அவளுக்குத் தண்ணீர் திறப்பார், திரும்பி வருவார்.

இப்போது அந்தத் தட்டல் கேட்டதும் அவர் காதை எடுக்கவில்லை. வாளி நிரம்பி அவள் குழாயை மூடும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். மறுநாளும் அப்படியே. அவளுக்கு அறுபத்தெட்டு வயது, பிள்ளை குட்டி கிடையாது, தனி ஆள். ஊரெல்லாம் சாவுக் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில், காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு டக் டக் டக் என்றால், அக்கா எழுந்துவிட்டாள், நிற்கிறாள், வாளி தூக்குகிறாள் என்று பொருள். யாரிடமும் சொல்லாமல் அவர் அதைத் தினம் ஒரு வேளைச் சாப்பாடு போல வைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் அந்தத் தெருவில் ஏழு பேருக்கு நோய் என்று தகரம் வைத்து அடைத்துவிட்டார்கள். வால்வுக் குழி தகரத்துக்கு வெளியே இருந்ததால் அவருக்கு ஒன்றும் மாறவில்லை. தட்டலும் நிற்கவில்லை.

பத்தொன்பதாம் நாள் நின்றது.

ஆறு பத்து. ஆறு இருபது. ஆறு நாற்பது. மற்றக் குழாய்கள் எல்லாம் ஓடின. அந்த ஒன்று மட்டும் தட்டவில்லை. 'தூங்கிப்போயிருப்பா' என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு ஆறே முக்காலுக்கு மூடினார். அக்கா தன் வாழ்நாளில் ஆறு மணிக்குப் பிறகு தூங்கினவள் இல்லை என்பது அவருக்குத் தெரியாததா? மனசிடம் சமாதானம் கேட்டால் அது பொய்யைத்தான் எடுத்துக் கொடுக்கிறது.

மாலை வீட்டுக்குப் போனார். வாசலிலேயே துணியைக் களைந்து சோப்புத் தண்ணீரில் போட்டுக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். மனைவி தட்டை வைத்தாள். அவர் பிசைந்துகொண்டே இருந்தார்.

"என்னங்க, சோத்துல எதையாவது தொலைச்சிட்டீங்களா?"

"அக்கா வீட்டுக் குழாய் இன்னைக்குத் தட்டலை."

மனைவி தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள். பிறகு சொன்னாள்:

"கோவப்படாதீங்க. நான் அண்ணிகூட வாரத்துக்கு ரெண்டு தரம் பேசிட்டுத்தான் இருக்கேன்."

"எப்போலேர்ந்து?"

"ஏழு வருஷமா."

"ஏழு வருஷமாவா?"

"சண்டை உங்களுக்கும் அவங்களுக்கும். எனக்கு யாரும் சொல்லலையே, நானும் சேரணும்னு." அவள் தன் போனை எடுத்துக் காட்டினாள். "ஆனா நேத்து ராத்திரியிலிருந்து போன் போகலை. சுவிட்ச் ஆஃப்."

கடிகாரம் கையைக் கழுவிவிட்டுத் தன் போனிலிருந்தும் அழைத்துப் பார்த்தார். அதே குரல், அதே வார்த்தை. அவர் அழைத்தால் அக்கா எடுக்கவே மாட்டாள். ஏழு வருடமாக எடுக்காத போனில் சேதி தேட முடியாது. ஆனால் மனைவி அழைத்தும் போகவில்லை என்றால் அது சேதிதான்.

"காலையில போய்ப் பாருங்க" என்றாள் மனைவி.

"தகரம் வச்சிருக்காங்க."

"தகரம்தானே. சுவரா?"

இரவு அவர் சரியாகத் தூங்கவில்லை, அதை விரிக்க வேண்டாம்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பன்னிரண்டு சுற்று. காதை வைத்தார். மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு கேட்டார். ஆறு பத்து. ஆறரை. ஆறு நாற்பத்தைந்து. தட்டலைக் காணோம்.

இப்போதுதான் கண்ணுகளா, அவர் இருபத்தாறு வருடத்தில் செய்யாத காரியத்தைச் செய்தார். வால்வை மூடவில்லை. இன்னும் ஒரு நிமிடத்தில் தட்டும், இன்னும் ஒரு நிமிடத்தில் தட்டும் என்று காதைக் கைப்பிடியில் வைத்தபடியே நின்றார். ஆறு ஐம்பது. ஆறு ஐம்பத்தைந்து. போன் அடித்தது. அடுத்த தெருவின் பால்காரர்.

"என்னண்ணே, கடிகாரத்துக்கே பேட்டரி போயிடுச்சா? வாளிய வச்சிட்டுப் பத்து நிமிஷமா நிக்கிறோம். என் பொண்டாட்டி, வீட்டு மணி தப்பா ஓடுதுன்னு என்னைத் திட்டுறா."

"இதோ" என்றார் கடிகாரம். சரியாக ஏழு மணிக்கு மூடினார். சாவியைக் கழற்றும்போதுதான் உறைத்தது. கால் மணி. அன்றைக்கு அக்கா கேட்ட அதே கால் மணி. கேட்டபோது கொடுக்காததை, வாங்க ஆள் இருக்கிறாளா என்று தெரியாதபோது கொடுத்திருக்கிறார்.

அடுத்த தெருவைத் திறந்துவிட்டுப் பிரிவு இன்ஜினியருக்குப் போன் போட்டார். இன்ஜினியர் முப்பது வயதுப் பெண். நாலு வார்டுக்கு அவள் ஒருத்திதான் பொறுப்பு.

"மேடம், அடைச்ச தெருவுக்குள்ள போகணும். ஒன்பதாவது வீடு."

"என்னய்யா, லைன்ல பழுதா?"

பழுது என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. கடிகாரத்துக்கு அந்த வார்த்தை வரவில்லை. பொய் சொல்லிப் பழகாத நாக்கு.

"பழுது இருந்துச்சு மேடம். இப்போ காணோம்."

"பழுது காணாமப் போனா நல்லதுதானே?"

"அது எங்க அக்கா வீட்டுக் குழாய். தினமும் தட்டும். ரெண்டு நாளாத் தட்டலை. தனியா இருக்காங்க. போனும் இல்லை."

அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுவதும், 'அம்மா வேலையில இருக்கேன்டா' என்று அவள் சொல்வதும் கேட்டது.

"ஐயா, சொந்தக்காரங்களைப் பார்க்கப் பெர்மிஷன் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா லைன்ல சத்தம் மாறியிருக்கு, இல்லையா?"

"மாறியிருக்கு மேடம்."

"இது உண்மைதானே?"

"சத்தியமா உண்மை."

"சத்தம் மாறினா லைனைச் சோதிக்கணும். மெசேஜ் அனுப்புறேன், காவலர்கிட்ட காட்டுங்க. பத்து நிமிஷம். தெரு நடுவுலயே நடங்க. எந்த வீட்டு வாசப்படியையும் மிதிக்கக் கூடாது, இது உத்தரவு. நீங்களும் படுத்துட்டா பதினாலு தெருவுக்கும் தண்ணி விட ஆள் கிடையாது."

போனை வைத்த பிறகு கடிகாரம் தகரத்தைப் பார்த்தபடி நின்றார். ஏழு வருடத்துக்கு முன் அக்கா போட்ட உத்தரவும் இன்றைக்கு அரசாங்கம் போட்ட உத்தரவும் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருந்தன.

தகரத்தின் இந்தப் பக்கம் ஒரு மேசை, மேசையில் நோட்டு, நோட்டுக்குப் பின்னால் காவலர். முகக்கவசத்துக்கு மேலே தூக்கம் கெட்ட கண்கள். போனில் வந்த செய்தியைப் படித்தார். நோட்டைத் திருப்பி வைத்தார். பெயர், வேலை, நேரம், காரணம். காரணம் என்ற இடத்தில் கடிகாரம், 'குழாயில் சத்தம் வரவில்லை' என்று எழுதினார்.

காவலர் அதை இரண்டு தடவை படித்தார்.

"பெரியவரே, சத்தம் வந்தா கம்ப்ளெய்ன்ட் பண்ணுவாங்க. வரலைன்னு கம்ப்ளெய்ன்ட் பண்ற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன்."

"எங்க தொழில் அப்படி சார்."

"போய்ட்டு வாங்க. பத்து நிமிஷம். உள்ள யார்கிட்டயும் கைய நீட்டாதீங்க." தகரத்தை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு நகர்த்தினார்.

தெருவில் காக்கை குருவிகூட இல்லை. சில கதவுகளில், நோய் வீடு என்று சிவப்பு ஸ்டிக்கர். ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்ற முகங்கள், சாவியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடு ரோட்டில் வந்த மனிதரைப் பார்த்தன. வளைவு வரைக்கும் நடந்தவர், வளைவில் நின்றுவிட்டார். திரும்பினால் கதவு தெரியும். கதவில் சிவப்பு இருந்தால்? அல்லது சிவப்புக்கூட ஒட்ட ஆள் தெரியாமல், உள்ளே... அவர் வழியெல்லாம் கேட்டது அந்தத் தட்டாத குழாயைத்தான்.

திரும்பினார். ஒன்பதாவது வீடு. கதவில் ஒன்றும் ஒட்டவில்லை. திறந்திருந்தது.

அக்கா வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஒரு கைபேசியின் முதுகைக் கழற்றி வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தாள். முகக்கவசம் தாடைக்குக் கீழே தொங்கியது. நிமிர்ந்து பார்த்தாள். பார்த்ததும் கவசத்தை மேலே ஏற்றினாள். அது நோய்க்காகவா, முகத்தை மறைக்கவா, எனக்குத் தெரியாது.

கடிகாரம் தெரு நடுவில் நின்றார். சாவியை ஊன்றிக்கொண்டார்.

"உன் குழாய் ஏன் தட்டலை?" என்றார். ஏழு வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் பேச்சு அதுதான்.

"தட்டலைன்னா?"

"தினமும் ஆறு பத்துக்குத் தட்டும். நேத்தும் தட்டலை, இன்னைக்கும் தட்டலை."

"வாஷர மாத்திட்டேன்."

"மாத்திட்டியா? யாரு மாத்துனா?"

"நான்தான். வேற யாரு வருவா? பக்கத்து வீட்டு டீச்சருக்கு நோய். படுத்திருக்காங்க. ஊரு இப்படி அடங்கிக் கிடக்கறப்ப என் குழாய் தட்டினா, ஆம்புலன்ஸ்காரங்க வந்து கதவைத் தட்டுறாங்கன்னு தூக்கிவாரிப் போடுதாம். ஜன்னல் வழியா அழாத குறையாச் சொன்னாங்க. கடை இல்லை. பழைய ரப்பர் செருப்போட குதிங்கால வட்டமா வெட்டி உள்ள போட்டேன். இப்ப பூனை மாதிரி வருது தண்ணி."

"போன்?"

"இருட்டுல டார்ச் அடிக்கணுமேன்னு போனை வாயில கவ்விக்கிட்டேன். பழைய வாஷர் கழண்டதும் 'வந்துச்சுடா'ன்னு வாயைத் திறந்தேன். வாளிக்குள்ள போயிடுச்சு."

கடிகாரம் சிரிக்கவில்லை. மூச்சு விட்டார். ரொம்ப நேரம் விட்டார். இரண்டு நாளாக ஒரு கிழிந்த செருப்பும் ஒரு வாளியும் அவரை ஆட்டிவைத்திருக்கின்றன. இருபத்தாறு வருடம் குழாயின் நோவைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது, குழாய் குணமானதைச் சாவு என்று எடுத்துக்கொண்டது.

அக்கா அவரையே பார்த்தாள்.

"ஏன்டா, ஏழு வருஷமா அந்தக் குழாய் கெட்டுக் கிடந்துச்சு. அப்ப வரலை. சரியான பிறகு, சரியாயிடுச்சேன்னு வந்து நிக்கிறியா?"

"நீ ஏன் ஏழு வருஷமா மாத்தலை? பத்து நிமிஷ வேலை."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொன்னவன் ஒருத்தன் இருந்தான்."

இரண்டு பேரும் வேறு பக்கம் பார்த்தார்கள். பக்கத்து வீட்டு ஜன்னலில் யாரோ இருமினார்கள்.

"இன்னைக்குத் தண்ணி ஏழு மணி வரைக்கும் வந்துச்சு" என்றாள் அக்கா. "குடம், அண்டா, சொம்பு, எல்லாத்தையும் ரொப்பிட்டேன். வேற ஆள் போட்டுட்டாங்களோன்னு நெனச்சேன். உனக்கு ஏதாவது ஆயிடுச்சோன்னு. உன் பொண்டாட்டியைக் கேக்கலாம்னா போன் செத்துக் கிடக்கு. அதான் வெயில்ல வச்சிட்டு உக்காந்திருக்கேன்."

கண்ணுகளா, கடிகாரம் அங்கே தண்ணீர் நின்ற குழாய் மாதிரி நின்றார். ஒரே கால் மணியில் தம்பி அக்காவுக்குப் பயந்தான். அக்கா தம்பிக்குப் பயந்தாள். கால் மணி கூட வந்தால் தன் தம்பி உயிரோடு இருக்க மாட்டான் என்று அவள் நினைக்கும் அளவுக்கு அவர் ஒழுங்காக வாழ்ந்திருக்கிறார்.

"அன்னைக்கு விட்டிருக்கலாம்க்கா" என்றார். "கடைசி வீட்டுக்காரங்க ஒரு நாள் பொறுத்திருப்பாங்க. கேட்டுக்கூடப் பாக்கலை நான்."

அக்கா கைபேசியைப் புரட்டி மறுபக்கம் வெயில் படும்படி வைத்தாள். "உள்ள வாடா. இப்பத்தான் அடுப்ப மூட்டினேன்."

"வரக் கூடாது. உத்தரவு."

"யாரு போட்ட உத்தரவு?"

"மொதல்ல நீ போட்ட. இப்ப அரசாங்கம் போட்டிருக்கு."

அக்கா முக்காலியிலிருந்து எழுந்தாள். "நான் போட்டத நான் எடுத்துட்டேன். அவங்க போட்டத அவங்க எடுக்கறப்ப வா. வர்றப்ப ஒரு நல்ல வாஷர் வாங்கிட்டு வா. செருப்பு ரொம்ப நாள் தாங்காது."

"ஞாயித்துக்கிழமை வர்றேன்."

"எந்த ஞாயித்துக்கிழமை?"

"தகரம் எடுத்த மறு ஞாயிறு."

"பாப்போம்."

பத்து நிமிடம் ஆகப்போகிறது என்று அவர் மணிக்கட்டைப் பார்த்தார். போக மனமில்லை. "இனிமே குழாயும் தட்டாது, போனும் இல்லை. நான் எப்படித் தெரிஞ்சுக்கறது?" என்றார், சின்னப் பிள்ளை மாதிரி.

"தண்ணி வந்ததும் கரண்டியால குழாயை ரெண்டு தட்டுத் தட்டுறேன். மெதுவா, டீச்சருக்குக் கேக்காத மாதிரி. உன் காதுக்குத்தான் எல்லாம் கேக்குமே. போ, அடுத்த தெருவுல வாளிய வச்சிட்டு நிக்கப் போறாங்க."

அவர் திரும்பி நடந்தார். தகரத்தருகில் காவலர் நோட்டில் வெளியேறிய நேரம் எழுதினார். "என்ன பெரியவரே, பழுது கிடைச்சுதா?"

"ஏழு வருஷப் பழுது சார். கிடைச்சிருச்சு."

அன்று மற்ற எல்லாத் தெருவுக்கும் தண்ணீர் கால் மணி தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. பதினான்காவது தெருவில் ஒருவர் கேட்டார், என்ன ஆச்சு என்று. "அக்காவைப் பாத்துட்டு வந்தேன்" என்றார் கடிகாரம். கேட்டவருக்கு அதற்குப் பிறகு திட்டத் தோன்றவில்லை.

மறுநாள் காலை ஆறு மணி. பன்னிரண்டு சுற்று. காதை வைத்தார். வாளிகள் இழுபடுகிற சத்தம், நூல் போலத் தண்ணீர். ஆறு பத்துக்கு இரும்பு வழியாக ஏறி வந்தது: டங். டங். அவர் காதை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொன்று வந்தது, கொஞ்சம் பலமாக. போதும், கேட்டாச்சு இல்ல, போய் வேலையப் பாரு என்கிற மாதிரி. அவர் சிரித்தபடி நிமிர்ந்தார். ஆறே முக்காலுக்கு மூடினார்.

எழுந்து போங்கள் கண்மணிகளா, வேலை கிடக்கும். உங்கள் வீட்டுக் குழாயில் தண்ணீர் என்றும் வற்றாமல் வரட்டும். வாசற்படி வருகிற கால்களுக்குத் திறந்தே இருக்கட்டும். உங்கள் வீட்டிலிருந்து ஒரு நாள் சத்தம் கேட்கவில்லை என்றால், ஏன் கேட்கவில்லை என்று நடு ரோட்டில் வந்து நிற்க உங்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் ஆள் இருக்கட்டும்.